ரேவியின் இடது கை

புயல் போன நான்காம் நாள் ஹோஹெபா அங்கிள் ஹேஸ்டிங்ஸ் டவுன் வரை போய் ஒரு புது ஃப்ரீசர் வாங்கி வந்தார். பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குப் படுக்க மெத்தை இல்லை. இருந்தும், இந்த நேரத்தில் ஃப்ரீசர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு, எங்கள் குலத்துக்கெல்லாம் பொதுவான குலவீட்டுக்குள் மார்பளவு ஏறியிருந்தது. வடியும்போது சேற்றை விட்டுவிட்டுப் போனது. அந்த வீட்டின் பின்சுவர் முழுக்க எங்கள் இறந்தவர்களின் படங்கள் இருந்தன. சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி நாற்பத்து மூன்று சட்டங்களை எடுத்தோம். நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது, அப்படியே காயவும் விடக் கூடாது. கழுவ நேரம் கிடைக்கும்வரை உறைய வைப்பதுதான் வழி என்று நான்தான் சொன்னேன். மேட்டுப் பக்கம் தப்பித்த வீடுகளில் ஃப்ரீசர்கள் இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் ஆட்டிறைச்சியும் மீனும். செத்துப்போன தாய் தகப்பனை உறைந்த பட்டாணிக்குப் பக்கத்தில் படுக்க வைக்க எந்த மவோரிக்கு மனம் வரும்? மேட்டுப் பள்ளிக்கூடத்து நூலக அறையில் புது ஃப்ரீசரை இறக்கி, ஜெபம் சொல்லி, ஜெனரேட்டரில் இணைத்த பிறகு, அங்கிள் அதன் மூடிமேல் தடித்த பேனாவால் எழுதினார்: 'இதில் கறி வைக்கிறவனை இதிலேயே வைப்பேன்.'

என் பெயர் ஹூரியா. ஆப்பிள் பேக்கிங் கொட்டகை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பெட்டி லேபிள் வடிவமைத்தவள். ஆப்பிளை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்குவது, இலையில் பூச்சி கடித்த ஓட்டையை மறைப்பது, பின்னால் ஒரு மலையை வைப்பது. போட்டோஷாப்பில் என் பிழைப்பு அவ்வளவுதான். அந்த வருடம் மரங்கள் சேற்றுக்குள் நின்றபடியே செத்துக்கொண்டிருந்தன, லேபிளுக்கு வேலை இல்லை. அதனால் நூலக அறையில் ஒரு ஸ்கேனரோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு படமாக வெளியே எடுத்து, பனி இளக விட்டு, குளிர்ந்த தண்ணீரில் சேறு கழுவி, காயவைத்து, ஸ்கேன் செய்து, திரையில் சரிபார்த்தேன். இறந்தவர்கள் இருக்கிற இடம் என்பதால் அந்த அறைக்குள் தின்னவும் குடிக்கவும் கூடாது. வெளியே வரும்போது வாசலில் இருக்கும் வாளித் தண்ணீரைக் கைமேல் தெளித்துக்கொள்ள வேண்டும். டீ குடிக்கத் தோன்றினால் படிக்கட்டுக்குப் போய்விடுவேன்.

எங்கள் சுவருக்கு ஒரு விதி உண்டு. உயிரோடு இருக்கிறவர் முகம் அதில் இருக்கக் கூடாது. கல்யாணப் படத்தில் ஒருவர் போய் ஒருவர் மிச்சம் இருந்தால், மிச்சம் இருப்பவரை நீக்கித்தான் மாட்டுவோம். சேற்றில் போன படங்களுக்குப் பதிலாக வீடுகளிலிருந்து வந்த படங்களில், அப்படி நான்கைந்து பேரை அந்த மாதமே நான் வெட்டியிருந்தேன். அது எனக்குப் பெரிய வேலையாகத் தெரியவில்லை, ரிபெகா ஆன்ட்டி வரும்வரை.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலையில் வந்தாள். எங்கள் கொட்டகையில் பழம் தரம் பிரிக்கும் வரிசைக்கு அவள்தான் மேற்பார்வை. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவள் குரல் கேட்டால் கன்வேயர்கூடக் கொஞ்சம் நேராக ஓடும் என்பார்கள். புயல் அன்று பக்கத்து வீட்டு நாயோடு கூரைமேல் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள். வீடு போய்விட்டது, இப்போது பள்ளி மைதானத்தில் நிறுத்தியிருந்த தற்காலிக அறைகளில் ஒன்றில் இருந்தாள்.

"ஏய் ஹூரியா, டீகூட இல்லாம இந்த ரூம்ல எப்படிடி உக்காந்திருக்க? எனக்கெல்லாம் பத்து நிமிஷத்துல உசுரு போயிடும். போனா நேரா அந்தப் பொட்டிக்குள்ள போட்ரு, தூக்கிட்டு அலைய வேணாம்."

"உங்களுக்கு அதுல இடம் பத்தாது ஆன்ட்டி."

"கொழுப்புடி உனக்கு." பிளாஸ்டிக் உறை ஒன்றை மேசைமேல் வைத்தாள். "ஜாக்கிரதை. கூரை மேல இருந்த நேரம் பூரா ப்ராவுக்குள்ள வச்சிருந்தேன். ஆத்துத் தண்ணி அங்க ஏறல, என் வேர்வைதான் ஏறிடுச்சு."

மூன்று அங்குலச் சதுரப் படம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு. எழுபதுகளின் வண்ணப் படங்களுக்கே உரிய விதத்தில் எல்லா நிறமும் ஓடிப்போய் இளஞ்சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு மூலையில் மேல்தோல் உரிந்திருந்தது. கீழே ஒரு மடிப்பு. வேலிக்கு முன்னால் புல்வெளியில் பதினாலு வயதுப் பையன் ஒருவன் வெறுங்காலோடு நிற்கிறான். அவன் அக்குள் உயரத்துக்கு ஒரு சின்னப் பெண், அவன் விலாவில் தலையைச் சாய்த்திருக்கிறாள். அவனுடைய இடது கை அவள் தோளைச் சுற்றியிருந்தது. சும்மா வைத்த கை இல்லை அது. விரல்கள் அவள் கவுன் துணியைச் சேர்த்துப் பிடித்திருந்தன.

"இவன் ரேவி. எங்கண்ணன். செவுத்துல ஏத்தணும்."

இருபது வருடத்துக்கு மேல் பழக்கம். அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தது எனக்குத் தெரியாது.

"பக்கத்துல இருக்கிறது…"

"நான்தான். அந்த மூஞ்சிக்கு வேற யாரு? என்னை வெட்டி எறி. கூசாம வெட்டு."

"இத்தனை நாள் ஏன் ஏத்தல?"

"இருக்கிறது இந்த ஒரே படம். அதுல நான் ஒட்டிட்டு நிக்கிறேன், நான்தான் சாவவே மாட்டேங்கிறேனே." சிரித்தாள். பிறகு, "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்துடலாமாமே. நீ பேக்கிங் பொட்டியில இல்லாத மலையையே கொண்டு வந்து வச்சவ. என்னை எடுக்கிறதா கஷ்டம்?" என்றாள்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கலாம். ஆனால் படத்தில் அவன் முகம் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள். மங்கிய முகத்தைத் தானாகவே தெளிவாக்கித் தரும் ஒரு புதுக் கருவி இருந்தது, அதில் போட்டுப் பார்த்தேன். சில நொடிகளில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது. கண் இமை, உதட்டு வரி, பல் வரிசை, எல்லாம் தெளிவு. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"யாருடி இது? பல் டாக்டர் மவனா?"

"ரேவிதான் ஆன்ட்டி. தெளிவாக்கியிருக்கு."

"ரேவிக்கு முன்பல்லு ஒண்ணு பாதிதான் இருக்கும். குதிரை தள்ளி விட்டுச்சு. இந்தப் பையன் எவன் வீட்டுப் பையனோ. கொண்டு போய் விட்டுட்டு வா."

அந்தக் கருவி அவனை எங்கேயும் தேடவில்லை, இருக்கிற முகங்களையெல்லாம் கலந்து ஒன்றைச் செய்துகொடுத்திருந்தது. அழித்துவிட்டேன். முழு உருவமாகத்தான் வைக்க வேண்டும், அளவையும் ரொம்பப் பெரிதாக்கக் கூடாது, முகம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு போதும் என்று முடிவானது. "காலும் தெரியட்டும்" என்றாள் ஆன்ட்டி. "வெறுங்கால்தான். பரவால்ல, தெரியட்டும்."

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் ரேவியோடு இருந்தேன். நிறத்தை மீட்டேன். சட்டை நீலம் என்று ஆன்ட்டி சொன்னாள், தேடினால் அந்த இளஞ்சிவப்புக்கு அடியில் கொஞ்சம் நீலம் இருக்கத்தான் செய்தது. மடிப்பை நிரப்பினேன். வானத்துப் பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு சின்னப் பெண்ணின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு அவளைத் தனி அடுக்காகப் பிரித்து மறைத்தேன். அவள் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அவளுக்குப் பின்னால் மறைந்திருந்த அவன் சட்டையின் பாதியை வலப் பக்கத்திலிருந்து எடுத்துப் பொருத்தினேன், இடுப்பு வார், தொடை, எல்லாம் அப்படியே. வேலியை நீட்டினேன். அவன் தனியாக நின்றான், இடது கையை மட்டும் பக்கவாட்டில் தூக்கி, காற்றில் எதையோ பிடித்துக்கொண்டு.

பார்க்கச் சகிக்கவில்லை. அந்தக் கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். வேலிக் கம்பம் ஒன்றை நகர்த்தி அதன்மேல் கை இருப்பதுபோல் செய்தேன்.

"கம்பத்தைப் புடிச்சிட்டு நிக்கிறவனா அவன்?" என்றாள் ஆன்ட்டி. "நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டான். இது யாரோ கிழவன் மாதிரி இருக்கு."

பழைய படம் ஒன்றிலிருந்து ஆடு மேய்க்கும் நாய் ஒன்றை எடுத்துக் கைக்கு அடியில் வைத்தேன். அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது.

"எங்க வீட்டு நாய் இவ்வளவு உசரமா? இது குதிரைக்குட்டிடி. இதைச் செவுத்துல மாட்டினா, நாயும் செத்துடுச்சான்னு ஹோஹெபா சான்றிதழ் கேப்பான்."

நான்காம் முறை, கையையே மாற்றினேன். தோளிலிருந்து வெட்டித் திருப்பி, கீழே இறக்கி, தொடையோரம் நேராகத் தொங்கவிட்டேன். என் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவ்வளவு சுத்தமான ஒட்டு வேலை செய்ததில்லை. கை எங்கே வெட்டப்பட்டது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு கையும் பக்கவாட்டில், கால் சேர்த்து, நேர்ப் பார்வை. இதுதான் என்று நினைத்தேன்.

அவள் வந்து பார்த்தாள். கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு எழுந்து வெளியே போய்விட்டாள். வாளியில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

டீயை ஊற்றிக்கொண்டு போனேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கோப்பையை வாங்கினாள், குடிக்கவில்லை.

"அங்க அப்படித்தான் நிக்க வைப்பாங்களாம்" என்றாள். "காலைல எழுந்ததும் வரிசையா. கை ரெண்டும் தொடையோரம். நகர்ந்தா அடி. அந்த விடுதியில இருந்துட்டு வந்த ஒருத்தன் பின்னாடி சொன்னான்."

"எந்த விடுதி ஆன்ட்டி?"

"தெற்க, தூரத்துல. பையனுங்களுக்கான விடுதி. அரசாங்கம் நடத்தினது."

பிறகு அவளாகவே சொன்னாள்.

"அம்மாவுக்கு நெஞ்சுல சளி, நேப்பியர் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. அப்பா ஆட்டு மயிர் வெட்டற கூட்டத்தோட போயிட்டாரு, ரெண்டு மாசம் வரமாட்டாரு. வீட்டுல ரேவி, நான், கைக்குழந்தையா ஒரு தங்கச்சி. அவன்தான் எல்லாம் பாத்துக்கிட்டான். விலாங்கு புடிச்சிட்டு வருவான், ரொட்டி சுடுவான், கருகும். ஸ்கூலுக்குப் போகல, எப்படிப் போவான்? அப்பப்ப பண்ணைக்காரன் குதிரையை எடுத்துட்டு ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப விட்டுருவான். அதுக்குப் புகார் போயிடுச்சு. ஒரு நாள் கார் வந்துச்சு. தொப்பி வச்ச ஒரு ஆளு. பிள்ளைங்க நலத்துக்குன்னு அரசாங்கத்துல இருந்து வர்றவன். ரேவி காரைப் பாத்ததும் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டான். என்னைப் பாத்து இப்படி உதட்டுல விரலை வச்சான்.

"அந்த ஆளு என்கிட்ட நல்லாதான் பேசினான். திட்டல. குனிஞ்சு உக்காந்து, அண்ணனை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கோம், அங்கயே தங்கிப் படிக்கலாம், மூணு வேளை சாப்பாடுன்னான். நான் கேட்டேன், ஷூ குடுப்பீங்களான்னு. அவனுக்கு ஷூவே கெடையாது. பனியில வெறுங்காலோட நடந்து நடந்து வெடிச்சுப் போயிருக்கும். குடுப்போம், புது ஷூன்னான். நான் கையை நீட்டிக் காமிச்சேன்."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"புடிச்சுக் கார்ல ஏத்துறப்போ அவன் திமிறல. என்னைத் திட்டவும் இல்ல. 'பாப்பாவுக்குப் பால் காய்ச்சு, கையைச் சுட்டுக்காத'ன்னான். அவ்வளவுதான். மறு வருஷம் செப்டம்பர்ல லெட்டர் வந்துச்சு. நிமோனியாவாம். அப்பா போய்ச் சேர்றப்போ புதைச்சு மூணு வாரம் ஆயிருந்துச்சு. மண்ணுல ஒரு நம்பர் தகடு. ஊருக்குக் கொண்டு வரல, நம்ம வீட்டுல கெடத்தல, ஒருத்தரும் அவன் மேல விழுந்து அழல. மண்ணும் அந்நிய மண்ணு."

"அம்மாவுக்குத் தெரியுமா, நீங்க…"

"அம்மா கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சாகுற வரைக்கும் கேக்கல." முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். நீ அந்தக் கையை இறக்கி வச்சிட்ட, அதான் வாயில வந்துடுச்சு. கையை ஏத்திடு ஹூரியா. பழைய மாதிரியே ஏத்திடு. அடியில ஒண்ணும் வைக்காத. வெறுங்கையா இருக்கட்டும்."

எட்டு வயசுப் பிள்ளை, நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்று சொல்லலாம். அதை அவள் ஐம்பது வருடமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருப்பாள். நான் உள்ளே போய்க் கையை ஏற்றினேன்.

ஹோஹெபா அங்கிள் ஒவ்வொரு படத்தையும் பார்த்துச் சரி சொன்னால்தான் அச்சுக்குப் போகும். ரேவியின் படத்தைத் திரையில் வைத்தபோது ஆன்ட்டியும் இருந்தாள். அங்கிள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"உசுரோட இருக்கிறவங்க யாரும் இல்லல்ல?"

"இல்ல அங்கிள்."

"அப்ப சரி. ஆனா ஏன் கையை இப்படி வச்சிட்டு நிக்கிறான்? பஸ்ஸை நிறுத்துறானா?"

"ஆமா" என்றாள் ரிபெகா ஆன்ட்டி. "அம்பது வருஷமா ஒரு பஸ்ஸும் நிக்கல."

அப்போதுதான் ஆள் யாரென்று பிடிபட்டு, அங்கிள் முகம் மாறியது. அவருக்கு ரேவியைத் தெரியும். அவனைவிட இரண்டு வயது இளையவர், அதே குதிரையின் பின்னால் ஓடியவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவனுக்கு நம்ம ஒண்ணும் செய்யல, இல்ல?"

"இல்ல."

"அப்ப நேராச் செவுத்துக்குப் போகக் கூடாது. துக்கம் கொண்டாடாம எப்படிப் போவான்? புதுக் குலவீடு தெறக்கறதுக்கு முந்தின நாளே இவனைக் கொண்டு வா. வெளிய முகப்புல கெடத்துவோம். வர்றவன் வரட்டும்."

புதுக் குலவீடு கட்டி முடிய அடுத்த வருடம் நவம்பர் ஆனது. திறப்புக்கு முந்தின நாள் காலை, ஆன்ட்டி கறுப்பு உடையில், தலையில் துக்கத்துக்கு அணியும் இலை வளையத்தோடு, ரேவியின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து நடந்தாள். முகப்பிலிருந்து பெண்கள் குரலெடுத்து அழைத்தார்கள். அன்று காலையில் இறந்தவனை அழைப்பதைப் போலவே இருந்தது அந்தக் குரல். முகப்பில் விரித்திருந்த பாயில் படத்தை வைத்து, மேலே அவள் அம்மாவின் கம்பளிப் போர்வையைப் பாதி போர்த்தினார்கள். ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள், சாயங்காலம்வரை எழவில்லை.

அவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுபதை நெருங்கும் கிழவர்கள் வெலிங்டனிலிருந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக முன்னால் வந்து, தடியை ஊன்றி, உயிரோடு எதிரில் நிற்பவனிடம் பேசுவதுபோலப் படத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

"ஏண்டா ரேவி, என் கத்தியை வாங்கிட்டுப் போனியே, எங்கடா அது? அம்பது வருஷமாச்சு, வெறுங்கையோட வந்து நிக்கிற!"

"உனக்குப் பயந்துகிட்டுதான் அந்தக் குதிரை சீக்கிரம் செத்துச்சு. போய் மன்னிப்புக் கேளு."

இன்னொருவர், கறிக்கடையில் இறைச்சி வெட்டும் தொழில் செய்தவர், தடித்த மனிதர், பாதி வாக்கியத்தில் நின்றுபோனார். அவரும் அந்த விடுதியில் இருந்தவராம். படத்துக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை.

முறைப் பேச்சுகள் முடிந்தால் யார் வேண்டுமானாலும் பேசலாம். நாலு மணி வாக்கில் ஆன்ட்டி தொண்டையைச் செருமினாள். எழவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே, படத்தைப் பார்த்து.

"ரேவி. நீ தொட்டிக்குப் பின்னாடி இருந்தன்னு சொன்னது நான்தான்."

"அந்த ஆளு ஷூ குடுப்பேன்னான். நான் காமிச்சேன். உனக்கே தெரியும், நீ பாத்த. இவங்களுக்குத் தெரியாது, அதான் சொல்றேன். பாப்பாவுக்குப் பால் காய்ச்சினேன். கையைச் சுட்டுக்கிட்டேன். அப்புறம் ஒழுங்காக் காய்ச்சக் கத்துக்கிட்டேன். அவ நல்லா இருக்கா, ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல. அவ்வளவுதான் ரேவி. வேற ஒண்ணும் இல்ல."

யாரும் எழுந்து அவளைத் தேற்றவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. எங்கள் வழக்கப்படி ஒருவர் பேசி முடித்தால் அவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு பாட்டு வேண்டும். ஹோஹெபா அங்கிள்தான் முதலில் ஆரம்பித்தார், சுருதி தப்பி. பிறகு பெண்கள் சேர்ந்து அதைச் சரியான உயரத்துக்குத் தூக்கினார்கள். நானும் பாடினேன். ஆன்ட்டி போர்வை விளிம்பை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கை கழுவும் குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"பாரம் கொஞ்சம் இறங்குச்சா ஆன்ட்டி?"

"இல்லடி" என்றாள். "நெனைச்சேன், சொன்னா இறங்கும்னு. அது அங்கயேதான் இருக்கு. இப்ப எல்லாருக்கும் தெரியும், அது ஒண்ணுதான்." பிறகு, "ஆனா அவனுக்கு நல்லா அழுதாங்க, இல்ல? அந்தத் தடியன் எப்படி அழுதான் பாத்தியா. அது போதும்" என்றாள்.

மறுநாள் விடிகாலையில் வீட்டைத் திறந்தோம். குடும்பம் குடும்பமாகத் தங்கள் படங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ரேவிக்கு அவன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கீழே ஆணி அடித்திருந்தார்கள். ஆன்ட்டிதான் மாட்டினாள். சட்டம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, இரண்டு முறை நேராக்கினாள்.

ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது எதிர்ச்சுவரோரம் நின்றபடி நான் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ரேவியிடம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அது சாயங்கால வெயிலில் எடுத்த படம். நிழல்கள் நீளமாகப் புல்மேல் விழுந்திருந்தன. கையிலும் சட்டையிலும் வேலியிலும் மூன்று வாரம் உழைத்தவள், புல் சேதமில்லாமல் இருக்கிறதே என்று அதைத் தொடாமல் விட்டிருந்தேன். ரேவியின் நீண்ட நிழல் புல்மேல் கிடந்தது. அதன் விலாவோடு ஒட்டி ஒரு சின்ன நிழல், உருண்டைத் தலை, குட்டைக் கவுன்.

உயிரோடு இருக்கிறவளின் நிழலை இறந்தவர்கள் நடுவே மாட்டியிருக்கிறேன். ஜெபம் முடிந்து கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்ததும் ஆன்ட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"என் தப்பு ஆன்ட்டி. நான் பாக்கவே இல்ல. அங்கிள்கிட்ட சொல்லி இப்பவே இறக்கிடறேன், அஞ்சு நிமிஷ வேலை, நாளைக்கே புதுசா அச்சடிச்சு…"

அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"அட, என் தலைடி இது. அப்பவே எவ்வளவு பெரிய தலை பாரு."

"ஆன்ட்டி, உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடக் கூடாது…"

"அறுபது ஆச்சு எனக்கு. இனிமே என்ன ஆகணும்? நிழல் முன்னாடி போய் எடம் புடிச்சு வைக்கட்டும். இந்தச் செவுத்துல கடைசியில எடம் கெடைக்காம வாசல்கிட்ட நிக்க எனக்கு ஆகாது." நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "இதை நீ தொடாத. ஹோஹெபாகிட்ட வாயைத் தொறந்த, அந்த ஃப்ரீசர்ல உன்னைப் படுக்க வச்சுருவேன்."

வாசலில் இருவரும் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லா மேசையும் நிறைந்திருந்தது. அந்தத் தடித்த மனிதர் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். ஆன்ட்டி அவர் அருகில் போய் உட்கார்ந்தாள். விடுதியில் ரேவி எந்தக் கட்டிலில் படுத்தான், ஜன்னல் பக்கமா, யாராவது அவனிடம் நன்றாகப் பேசினார்களா, ஷூ கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தெரிந்ததற்குத் தெரியும் என்றும் தெரியாததற்குத் தெரியாது என்றும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஷூ கொடுத்தார்களாம். ஒரு அளவு சின்னதாக.